ரிசார்ட் படகுத்துறைக் கட்டணம்: சிறிய டைவிங் தொழில்காரர்களுக்கு சேலத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

சேலத்தில் கடல் இல்லை. ஆனாலும் கடலை நம்பிப் பிழைக்கிற சேலத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ஓமலூர் பக்கத்திலிருந்து போய் அந்தமானில் சின்னதாக டைவ் சென்டர் (விருந்தினரைக் கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கக் கூட்டிப்போகும் நிலையம்) நடத்துபவர், கல்லூரிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் புதுச்சேரிக்கும் முருடேஸ்வருக்கும் கூட்டிப்போய் வருபவர், சீசனுக்கு மட்டும் மாலத்தீவில் இன்ஸ்ட்ரக்டர் வேலைக்குப் போகிறவர் என்று பலவிதம். மழைக்காலத்தில் ஊர் திரும்பும்போது இவர்களுடைய பில் கட்டுகள் அஸ்தம்பட்டியில் என் மேசைக்கு வரும். நான் கணக்கு எழுதுகிறவன்.

அந்தக் கட்டுகளில் ஒரு செலவு மட்டும் ஆளுக்கொரு பெயரில் இருக்கும். ‘ஜெட்டி சார்ஜ்’, ‘லேண்டிங்’, ‘கேட் பாஸ்’, ‘பராமரிப்பு’. பாதிக்கு ரசீதே இருக்காது. ரிசார்ட் பெயர் அச்சடித்த குறிப்புத்தாளில் பேனாவால் தொகையை எழுதி, கீழே யாரோ கிறுக்கிய கையெழுத்து. தேதி இருந்தால் அதிர்ஷ்டம். ரிசார்ட்டின் படகுத்துறையில் வெளியாள் படகு வந்து நின்றால் வாங்கும் காசு அது.

காசு வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உப்புக் காற்றில் பலகையும் போல்ட்டும் சீக்கிரம் போய்விடும். மாற்றுகிறவருக்குச் செலவு உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரிசார்ட்டுக்குள்ளேயே இருக்கும் அவர்களுடைய டைவ் சென்டர் பெரும்பாலும் இதைக் கட்டுவதில்லை. எவ்வளவு என்பது மேனேஜர் மாறினால் மாறுகிறது. கையில் காகிதம் எதுவும் கிடையாது. இந்த மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இனி வருவது.

படி 1: அரசுக் கட்டணத்தையும் ரிசார்ட் கட்டணத்தையும் பிரியுங்கள்

கடல் தேசியப் பூங்காவுக்குள் போனால் வனத்துறை வாங்கும் நுழைவுக் கட்டணம் ஒன்று உண்டு. அந்தமானில் வண்டூர் பக்கம் 1983-ல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இதற்கு நல்ல உதாரணம். மாலத்தீவில் பசுமை வரி என்று ஒன்று இருக்கிறது: 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் தங்கும் வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், ஊர்த் தீவுகளில் உள்ள சின்ன விருந்தினர் விடுதி என்றால் 6 டாலர். இவை அரசாங்கத்துக்குப் போகும் பணம். பேரம் கிடையாது, அரசு வைத்த தொகைதான்.

படகுத்துறைக் கட்டணம் தனியார் வாங்குவது. அதில் எல்லாமே பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. ‘ஈகோ ஃபீ’, ‘ரீஃப் கான்ட்ரிப்யூஷன்’ என்று பெயர் வைத்தாலும் பணம் ரிசார்ட்டின் கணக்குக்குப் போனால் அது படகுத்துறைக் கட்டணம்தான். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பில்லில் பலரும் இரண்டையும் சேர்த்து ‘அரசுக் கட்டணம்’ என்று போட்டுவிடுகிறார்கள். தெரியாமல் செய்தாலும் அது தவறான தகவல். நுகர்வோர் ஆணையத்துக்கு யாராவது போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், ரிசார்ட் அல்ல.

படி 2: கட்டணம் படகுக்கா, ஆளுக்கா?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். விலை, வரி, பேரம் எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. நடைமுறையில் நான் பார்ப்பது நான்கு வகை: படகு ஒருமுறை வந்து நின்றால் இவ்வளவு, ஏறி இறங்கும் ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு, அங்கே தங்கியிருக்கும் விருந்தினரை நீங்கள் கூட்டிப்போனால் பில்லில் இத்தனை சதவீதம். கடைசியில் சொன்னது உண்மையில் கமிஷன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

எதற்காக அந்தத் துறைக்குப் போகிறீர்கள் என்பதையும் இதோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தங்கியிருப்பவர்களை ஏற்றிக்கொள்ளவா? உங்கள் ஆட்களைச் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் இறக்கவா? காற்று சிலிண்டர் ஏற்றி இறக்கவா? முதல் வகையில் ரிசார்ட்டுக்கு உங்கள் மேல் கோபம் இருக்கும். அவர்களுடைய டைவ் சென்டருக்கு வர வேண்டிய ஆளை நீங்கள் கூட்டிப்போகிறீர்கள். இரண்டாவது வகையில் அவர்களுக்கு வியாபாரம் கொண்டுவருகிறீர்கள்: பத்துப் பேர் மதியச் சாப்பாடு சாப்பிட்டால் அவர்களுக்கு வருமானம். இரண்டுக்கும் ஒரே கட்டணம் கேட்டால் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பலர் இதைப் பிரித்துப் பேசுவதே இல்லை, ‘எவ்வளவு சார்?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பர்ஸை எடுக்கிறார்கள்.

படி 3: காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டு இதே வரிசையில் போங்கள்.

ஆறு பேர் போகும் படகு, இரண்டு டைவ், ஆளுக்கு வரி இல்லாமல் 6,000 ரூபாய் என்று வைப்போம். படகுக்கு டீசலும் ஆட்களும் சேர்த்து 9,000. இது இரண்டு பேர் வந்தாலும் ஆறு பேர் வந்தாலும் அதே செலவு. நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி, அவருக்கு 2,500. சிலிண்டர் ஒன்றுக்கு 400. வழிகாட்டிக்கும் இரண்டு சிலிண்டர் உண்டு, மறக்க வேண்டாம். உபகரணத் தேய்மானம், காப்பீடு என்று ஆளுக்கு 500. ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்கு 10 சதவீதம்.

ஆறு பேர் வந்தால் வரவு 36,000. செலவு: படகு 9,000, இரண்டு வழிகாட்டிகளுக்கு 5,000, பதினாறு சிலிண்டருக்கு 6,400, உபகரணம் 3,000, கமிஷன் 3,600. மொத்தம் 27,000. கையில் நிற்பது 9,000. மூன்று பேர் மட்டும் வந்தால் வரவு 18,000. செலவும் சரியாக 18,000. ஆக, துறைக் கட்டணம் இல்லாதபோது மூன்று பேர் வந்தால் நஷ்டமில்லை.

இப்போது ரிசார்ட் படகுக்கு 1,500 கேட்கிறது. ஆறு பேர் இருந்தால் 9,000 என்பது 7,500 ஆகும். வலிக்கும், ஆனால் தாங்கலாம். மூன்று பேர் இருந்தால் 1,500 நஷ்டம். இனி நான்கு பேர் இல்லாமல் படகை எடுக்க முடியாது. சின்ன ஆளுக்கு அடி விழுவது இங்கேதான். ரிசார்ட் சென்டர் மூன்று பேரை வைத்துக்கொண்டும் படகை எடுக்கும். நீங்கள் நான்காவது ஆளுக்காகக் காத்திருப்பீர்கள். காத்திருக்கும் அந்த மூன்று பேரும் நாளைக்கு அங்கே போய்விடுவார்கள். கட்டணத்தால் நேராகப் போகும் 1,500 ரூபாயைவிட, இப்படி ரத்தாகும் பயணங்கள்தான் பெரிய செலவு. ஆனால் அது எந்த நோட்டிலும் ஏறாது. அதனால் ‘ஆள் போதாமல் ரத்து’ என்று தனியாக ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது அந்தப் பக்கத்தைப் போல உதவுவது வேறொன்றும் இல்லை.

படகுக்கு 1,500-க்குப் பதில் ஆளுக்கு 500 என்றால்? மூன்று பேரில் இரண்டும் சமம். ஆறு பேரில் 3,000 போய்விடும், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. மூன்றுக்குக் கீழே ஆளுக்குக் கட்டுவது நல்லது, மேலே படகுக்குக் கட்டுவது நல்லது. உங்கள் போன சீசன் நோட்டை எடுத்து, ஒரு பயணத்துக்குச் சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்தால் எதைக் கேட்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாதக் கட்டணத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். மாதம் 30,000 என்றால் இருபது பயணம் போகும் ஜனவரியில் பயணத்துக்கு 1,500. மழையில் ஐந்தே பயணம் போகும் மாதத்தில் 6,000. சீசன் மாதங்களுக்கு மட்டும் மாதக் கட்டணம், மற்ற மாதங்களுக்குப் படகுக் கணக்கு என்று கலந்து கேளுங்கள். மறுக்க அவர்களுக்குப் பெரிய காரணம் இருக்காது, மழையில் அவர்கள் துறையும் சும்மாதான் கிடக்கும்.

படி 4: அந்தப் படகுத்துறை யாருடையது என்று பாருங்கள்

கடற்கரையின் அலையடிக்கும் பகுதியும் கடலடித் தரையும் தனியார் சொத்து அல்ல. அதன் மேல் துறை கட்ட வேண்டுமானால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும். அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் 2019-ல் தீவுகளுக்கென்றே தனி அறிவிக்கை வந்தது. அனுமதி கொடுக்கும்போது நிபந்தனைகள் போடுவார்கள். மீனவர் போக்குவரத்தைத் தடுக்கக் கூடாது, பொதுமக்கள் நடக்கும் வழியை அடைக்கக் கூடாது என்கிற மாதிரி ஏதாவது அதில் இருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

முதலில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் அந்த ரிசார்ட்டின் பெயரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். ரிசார்ட்டிடம் கேட்க முடியாது. அனுமதி மனுவைப் பரிசீலித்த கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடமும், நிலம் குத்தகை என்றால் வருவாய்த் துறையிடமும் கேளுங்கள். மனுவில் ‘ஏன் வாங்குகிறார்கள்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இன்ன படகுத்துறைக்குக் கொடுத்த அனுமதி ஆணையின் நகல், அதன் நிபந்தனைகள், குத்தகைப் பத்திரத்தின் நகல்’ என்று ஆவணமாகக் கேளுங்கள்.

சரி, நகல் வந்துவிட்டது, கடல் பொதுச் சொத்து என்று ஆகிவிட்டது. அதற்காகத் துறையில் சும்மா ஏறலாமா? முடியாது. இங்கேதான் பலர் உணர்ச்சிவசப்படுகிறார்கள். எம்.சி. மேத்தா – கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆறு, கடற்கரை போன்றவற்றை அரசு மக்களுக்கான அறக்காப்பாளராகத்தான் வைத்திருக்கிறது என்றது. இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு ரிசார்ட்டுக்குக் கொடுத்த வன நிலக் குத்தகையையே ரத்து செய்தது. பெரிய தீர்ப்புதான். ஆனால் தண்ணீரில் படகு ஓட்டுவதற்கு இருக்கும் உரிமை வேறு, இன்னொருவர் செலவில் கட்டிய பலகையில் நிற்கும் உரிமை வேறு. அந்தத் தீர்ப்பு முதல் விஷயத்தில் உங்களுக்குத் தெம்பு கொடுக்கும். ‘எங்கள் ரிசார்ட்டுக்கு முன்னால் உள்ள கடலில் டைவ் அடிக்கக் கூடாது’ என்று காவலாளி விரட்டினால் அரசு ஆணை எங்கே என்று கேட்கலாம். இரண்டாவதுக்கு ஒப்பந்தம்தான் வழி.

மலையிலும் இதே கதை இருக்கிறது. ஏற்காட்டில் காட்சி முனைக்கோ அருவிக்கோ ஜீப்பில் ஆள் கூட்டிப்போகிறவர்கள் எஸ்டேட் கேட்டில் காசு கொடுத்துவிட்டுப் போவது உண்டு. சேர்வராயன் மலையில் எஸ்டேட்டுக்குள் ஓடும் பாதைகளில் எது பஞ்சாயத்துச் சாலை, எது தனியார் பாதை என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. கிராமப் புலப்படத்தைப் பார்த்தால்தான் தெரியும். நாகலூர் பக்கம் வண்டி ஓட்டும் ஒருவர், “எங்கப்பா காலத்துல இருந்து இந்த வழிதான் சார், இப்பத்தான் கேட்டு போட்டாங்க” என்றார். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, அனுமதிக் கட்டணம் என்று ரசீது வாங்கியிருக்கிறீர்களா என்பது. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தில் ஒரு வழியை 20 ஆண்டு தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தியிருந்தால் அதைக் கோரலாம். அரசு நிலம் என்றால் 30 ஆண்டு. ஆனால் ‘அனுமதி கேட்டுக் காசு கட்டிப் போனேன்’ என்று ஆகிவிட்டால் அது உரிமையோடு போனதாகாது, அவர்கள் தயவில் போனதாகிவிடும். பழைய வழி உங்களுக்கு உண்டு என்று நினைத்தால், முதல் ரசீதை வாங்குவதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். பிறகு பார்ப்பதில் அவ்வளவு பயன் இல்லை.

படி 5: பேசி, எழுதி வாங்குங்கள்

சீசன் நடுவில் பேசாதீர்கள். அந்தமானில் அக்டோபர் முதல் மே வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் ரிசார்ட்டின் பொது மேலாளருக்கு நேரமும் இருக்கும், அடுத்த வருட பட்ஜெட் யோசனையும் இருக்கும். முன்மேசையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. அவர் சரி என்று சொன்னாலும் அடுத்த மாதம் வேறு ஓட்டலுக்குப் போயிருப்பார்.

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் சில வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். தொகை, அது படகுக்கா ஆளுக்கா, வரி உள்ளேயா வெளியேயா. குறைந்தது ஒரு சீசனுக்கு மாறாது என்ற உறுதி. மாற்றினால் 60 நாள் முன்னறிவிப்பு. முன்பதிவு ஆன பயணங்களுக்குப் பழைய தொகையே. அவர்களுடைய சென்டர் உட்பட எல்லா டைவ் படகுகளுக்கும் ஒரே கட்டணம் என்று கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்காது, ஆனால் கேட்டால்தான் அதைவிட்டுக் கொடுத்து வேறொன்றை வாங்கலாம். பலகையில் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். பராமரிப்புக்கென்று காசு வாங்குகிறவர், பராமரிக்காததற்கும் பொறுப்பேற்க வேண்டும். ‘எல்லாச் சேதத்துக்கும் படகுக்காரரே பொறுப்பு’ என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பேரத்துக்கே இடமில்லாத ஒரு வரி உண்டு: அவசரத்தில் எந்த நேரத்திலும், எந்தக் கட்டணமும் இல்லாமல், எங்கள் படகு அந்தத் துறையில் அணையலாம். கடலுக்கடியிலிருந்து வந்தவருக்கு மூட்டுவலியும் மரமரப்பும் தொடங்கிவிட்டால் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே கரைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது கேட்டில் நின்று கணக்குப் பேச முடியாது. இந்த வரிக்குச் சம்மதிக்காத ரிசார்ட்டோடு தொழிலே வேண்டாம் என்பது என் கருத்து.

நேரத்தையும் எழுதுங்கள். ‘எங்கள் படகுகள் போன பிறகு, பத்து மணிக்கு மேல்தான் வெளிப்படகு’ என்று ஒரு விதி போட்டால், உங்கள் இரண்டாவது டைவ் மதியம் இரண்டுக்கு மேல் போய்விடும். டைவில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும் என்பதால், பலமுறை டைவ் அடித்தவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது விட வேண்டும் என்பது டைவர் பாதுகாப்பு அமைப்பான டேனின் பரிந்துரை. மூன்று மணிக்குத் தண்ணீரிலிருந்து ஏறியவர் மறுநாள் காலை எட்டு மணி விமானத்தைப் பிடிக்கக் கூடாது. கூட்டம் முழுக்க இன்னொரு நாள் தங்க வேண்டி வரும். அந்த ஓட்டல் செலவும் துறைக் கட்டணத்தின் கணக்கில்தான் சேரும்.

சேலத்து ஆட்களுக்கு இதில் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அந்தப் பரிந்துரை விமானத்துக்கு மட்டும் அல்ல, 2,000 அடிக்கு மேலான உயரத்துக்கும் பொருந்தும். ஏற்காடு கிட்டத்தட்ட 5,000 அடி. காலையில் புதுச்சேரியில் டைவ் அடித்துவிட்டு, சாயங்காலம் சேலம் வந்து, ‘இருபது கொண்டை ஊசிதானே’ என்று அன்றைக்கே மலையேறுகிற திட்டத்தைச் சிலர் பேக்கேஜில் போடுகிறார்கள். ஏற்காட்டை முதலில் முடித்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.

படி 6: பில், வரி

இது என் வேலை என்பதால் கொஞ்சம் நீளும்.

சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிவு பெற்று வழக்கமான முறையில் வரி கட்டுகிறவராக இருந்தால், ரிசார்ட் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு முறையான வரிப் பில் கொடுக்கும்போது, அதில் உள்ள வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். 1,500-க்கு 18 சதவீதம் 270. அது திரும்பி வரும். பதிவே இல்லாதவருக்கும், விற்றுமுதல் 50 லட்சத்துக்குள் இருந்து 6 சதவீத இணக்க முறையில் (காம்போசிஷன்) இருப்பவருக்கும் அது வராது. அவர்களுக்கு உண்மையான கட்டணம் 1,770. பேரம் பேசும்போது எந்த எண்ணை வைத்துப் பேசுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், படி 2-ல் கேட்ட கேள்வி இங்கே திரும்ப வருகிறது. கட்டணம் விருந்தினர் மேல் விதிக்கப்பட்டு, அவர் சார்பில் நீங்கள் வாங்கிக் கட்டுவதாக இருந்தால், ஜிஎஸ்டி விதி 33-ன்படி நீங்கள் வெறும் முகவர். அந்தத் தொகை உங்கள் விற்பனை மதிப்பில் சேராது. நிபந்தனைகள் கறாரானவை: விருந்தினரின் ஒப்புதல் இருக்க வேண்டும், பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும், கட்டிய தொகையை மட்டுமே வாங்க வேண்டும். ஆளுக்கு 500-ம் அதற்கு 18 சதவீத வரி 90-ம் சேர்த்து 590 கட்டிவிட்டு, சில்லறைக்காக 600 வாங்கினால் போச்சு.

கட்டணம் படகின் மேல் என்றால் இந்த வழி கிடையாது. அது உங்கள் தொழில் செலவு. விருந்தினரிடம் தனியாக வாங்கினாலும் உங்கள் விலையின் பகுதிதான், வரி போட்டாக வேண்டும்.

வித்தியாசம் என்ன என்று கேட்கலாம். டைவுக்கு 18 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம். முகவர் முறையில் 6,000, அதற்கு வரி 1,080, துறைக்கு 590, ஆக 7,670. விலைக்குள் சேர்த்தால் 6,500, வரி 1,170, அதுவும் 7,670. விருந்தினருக்கு ஒன்றுதான். உங்களுக்கு ஒன்றல்ல. விலைக்குள் சேர்த்தால் ஏஜெண்ட் 6,500-க்குக் கமிஷன் கேட்பார். விற்றுமுதல் ஆளுக்கு 500 ஏறும். 20 லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிற சின்ன ஆளை இந்த 500-கள் சேர்ந்தே வரம்புக்கு மேலே தள்ளிவிடும். முடிந்தால் ஆளுக்கு விதித்து, ரசீதை விருந்தினர் பெயரில் கேளுங்கள்.

ரொக்கம் விஷயத்தில் ஒன்று. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். மாதக் கட்டணத்தை ரொக்கமாகக் கட்டுகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள். வங்கி வழியாகக் கட்டுங்கள். ரசீது தராத இடத்துக்கு யுபிஐ-யில் அனுப்பினால், குறைந்தது யாருக்கு எப்போது போனது என்ற தடமாவது இருக்கும். ஆனால் மேனேஜரின் சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், அந்தப் பணம் ரிசார்ட்டுக்குப் போகிறதா என்று ஒரு மின்னஞ்சலில் ரிசார்ட்டைக் கேட்டுவிடுங்கள். ஓமலூர்த் தம்பி அப்படிக் கேட்டார். அடுத்த வாரமே அந்தக் கட்டணம் இல்லை என்று ஆகிவிட்டது.

படி 7: விருந்தினரிடம் முன்பே சொல்லுங்கள்

சேலத்துக் கூட்டத்தோடு பேசியவர்களுக்குத் தெரியும், முதல் கேள்வியே “எல்லாம் சேர்த்துத்தானே சார்?” என்பதுதான். ‘ஆமாங்க’ என்று சொல்லிவிட்டு, துறையில் இறங்கும்போது ஆளுக்கு 590 கேட்டால், முப்பது பேர் முன்னால் உங்கள் பெயர் கெடும். ரிசார்ட் பெயர் கெடாது. முன்பதிவுச் செய்தியிலேயே எழுதுங்கள்: “டைவ் கட்டணம் இவ்வளவு. நீங்கள் தங்கும் ரிசார்ட் வெளிப்படகுகளுக்கு ஆளுக்கு 590 ரூபாய் துறைக் கட்டணம் வாங்குகிறது. அதை உங்கள் சார்பில் கட்டி ரசீது தருவோம். பொதுப் படகுத்துறைக்கு வந்து ஏறினால் இந்தக் கட்டணம் இல்லை.” கடைசி வாக்கியம் முக்கியம். தேர்வை அவர்களிடமே விட்டுவிடுங்கள், பாதிப் பேர் பொதுத் துறைக்கு வந்துவிடுவார்கள். ரிசார்ட்டைத் திட்டி ஒரு வார்த்தை எழுத வேண்டாம்.

படி 8: துறை இல்லாமல் நடத்த முடியுமா?

பெரும்பாலும் முடியும். பொதுத் துறைக்கு ஆட்டோ வைத்து விருந்தினரை வரவழைப்பது எல்லாவற்றிலும் எளிது. உதாரணக் கணக்கில் ஆட்டோவுக்கு 600 ஆனாலும் 1,500-ஐ விடக் குறைவு. மாலத்தீவில் 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் அனுமதிக்கப்பட்டபோது, சின்ன டைவ் சென்டர்களுக்குக் கதவு திறந்ததும் இதனால்தான்: அங்கே துறைமுகம் ஊருக்குப் பொது. ஒரு தீவு முழுக்கவே ஒரு ரிசார்ட் என்கிற இடத்தில் உங்களுக்கு வேறு துறை கிடையாது. அங்கே தங்குகிறவரை நம்பித் தொழில் வைக்காமல் ஊர்த் தீவில் வைப்பதே புத்தி.

கரையிலிருந்து சிறு படகில் ஏற்றிப் பெரிய படகுக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. மணல் கரை என்றால் நன்றாக நடக்கும். ஆனால் கடல் வற்றும் நேரத்தில், கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காக விருந்தினரைப் பவளத்தின் மேல் நடக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். காலில் ரப்பர் பூட்ஸ், முதுகில் சிலிண்டர், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு அடிக்கும் காலடியில் ஏதோ நொறுங்குகிற சத்தம். பாறைகளை உருவாக்கும் பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியைப் போலவே. வழக்கு வந்தால் 590 ரூபாய் மிச்சம் எந்த மூலைக்கு? ஓதம் ஏறும் நேரத்துக்குப் பயணத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் துறைக்கே காசு கட்டுங்கள்.

படி 9: தனியாகப் போகாதீர்கள்

ஒரே தீவில் ஐந்தாறு சின்ன சென்டர்கள் இருக்கும், ஆளுக்கொரு கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு 800, இன்னொருவருக்கு 1,500. உட்கார்ந்து பேசினாலே பாதித் தீர்வு வந்துவிடும். சங்கமாகப் பதிவு செய்ய நினைத்தால், தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஏழு பேர் போதும். வேறு இடம் என்றால் அங்குள்ள விதியைப் பாருங்கள். சங்கத்தில் பேச வேண்டியது துறைக் கட்டணம், அவசர அணைப்பு, பொது நங்கூர மிதவை போன்றவை. ‘நாம் எல்லோரும் டைவுக்கு 6,000-க்குக் குறைக்கக் கூடாது’ என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள். அது போட்டிச் சட்டத்தில் விலைக் கூட்டணி ஆகிவிடும். ரிசார்ட் தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று போட்டி ஆணையத்துக்குப் போகவும் அதே 2002-ம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் ஒரு துறையை மட்டும் வைத்து ஆதிக்கத்தை நிரூபிப்பது கடினம், செலவும் அதிகம். பக்கத்தில் பொதுத் துறை இருந்தால் அந்த யோசனையை விட்டுவிடலாம். அரசிடம் பொதுப் படகுத்துறையைச் சரிசெய்யக் கேட்டு மனுப் போடுவதில் அந்த உழைப்பைச் செலவழியுங்கள். வரிசையாக எல்லா சென்டரும் கையெழுத்துப் போட்ட மனுவை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது.

எப்போது என்ன செய்வது

ஜூன் மாதம் போன சீசன் நோட்டை எடுத்துச் சராசரி ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். தகவல் மனுவையும் அப்போதே போடுங்கள். பதில் ஜூலையில் வரும், வராவிட்டால் மேல்முறையீடு. ஆகஸ்டில் பொது மேலாளரோடு பேச்சு, ஒப்பந்த வரைவு நீங்களே கொண்டுபோங்கள். செப்டம்பர் கடைசிக்குள் கையெழுத்து ஆகவில்லை என்றால், பொதுப் படகுத்துறைக் கணக்கில் விலைப்பட்டியலை அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு சம்மதித்தால் அந்த ரிசார்ட்டுக்கு மட்டும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.